இரண்டு வலப்பக்கங்கள்

மூன்று வாரங்களாக அவர்கள் செய்தித்தாளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈப்போ புந்தோங்கில் இருந்த பாலாய் ராயா மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் தையல் வகுப்பு. பன்னிரண்டு பெண்கள். பழைய நாளிதழ்களை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, அதில் கழுத்தும் கையும் வரைந்து, தாளின் மேலேயே தாளை வைத்துக் குண்டூசி குத்தி வெட்டிப் பழக வேண்டும்.

"நாங்க என்னா டீச்சர், பேப்பர் சட்டை போட்டுக்கிட்டா கோயிலுக்குப் போறது?" என்று முத்தம்மா கேட்டாள். முத்தம்மா எதையும் சத்தமாகத்தான் கேட்பாள்.

"மழை வராத நாளாப் பாத்துப் போங்கோ," என்றாள் கௌரி டீச்சர்.

கௌரி டீச்சருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் வேலை. தன்னைவிட வயதில் மூத்தவர்களை ஒருநாளும் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கருப்பம்மாளுக்கு முப்பத்தேழு வயது. 'கருப்பம்மாளக்கா' என்று முதல் நாள் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

வெட்டுவதில் கருப்பம்மாளின் கைதான் நிதானமானது. கத்தரிக்கோலின் கீழ் அலகு மேசையை விட்டு எழும்பாது. கோட்டின் மேல் மயிரிழை விலகாமல் போகும். குண்டூசிகளை அவள் குத்தும் விதத்தைப் பார்க்கச் சொல்லி டீச்சர் மற்றவர்களை அழைத்தாள். ஊசிகள் எல்லாம் ஒரே இடைவெளியில், தலை வெளியே பார்த்தபடி, தாள் சுருங்காமல் இருந்தன.

"அது பன்னெண்டு வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன கை டீச்சர்," என்றாள் முத்தம்மா. "மரத்தையே அழவைக்காம வெட்டுனவ, பேப்பரை வெட்ட மாட்டாளா?"

டீச்சர் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். பூப்போட்ட துணி ஒன்றை விரித்து, பளிச்சென்று இருந்த பக்கத்தையும் வெளுத்திருந்த பக்கத்தையும் காட்டினாள். "துணிக்கு நல்ல பக்கம் ஒண்டு, புறப்பக்கம் ஒண்டு. வெட்ட முந்தி நல்ல பக்கத்தில அடையாளத்துக்குச் சோக்கால ஒரு புள்ளடி போடுங்கோ. பக்கம் மாறினால் சட்டை போச்சு." கருப்பம்மாள் இதை மனதுக்குள் பாடமாகச் சொல்லிக்கொண்டாள். விதி என்று ஒன்று கொடுத்துவிட்டால் அவளுக்கு நிம்மதி. அதைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம்.

நான்காவது வாரம் வகுப்பு முடிந்ததும் டீச்சர் அவளை நிறுத்திக்கொண்டாள். பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணியை எடுத்தாள். சாதாரணப் பருத்தித் துணிதான்.

"அப்பாவுக்கு ஒரு சட்டை, அக்கா. மெலிஞ்சுபோனார், கடைச் சட்டை ஒண்டும் பொருந்துதில்லை. அடுத்த ஞாயிறு பாரிட் புந்தாரில ஒரு கலியாணம். நீங்கள் வீட்டில வெட்டிக்கொண்டு வாங்கோ. சனிக்கிழமை இங்க எல்லாருமாத் தைச்சுப் பழகலாம்."

"நானா டீச்சர்?"

"வேற ஆர்? இன்னொண்டு. தை மாசத்திலயிருந்து ஒரு கடைக்காரர் பள்ளிக்கூட யூனிஃபோம் வெட்டித் தரக் கேட்டிருக்கிறார். வெட்டு மேசைக்கு ஒரு ஆள் வேணும். இந்தச் சட்டை சரியா வந்தால் அந்த இடம் உங்களுக்குத்தான்."

கருப்பம்மாள் அப்போது ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகள் சோப்புத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தன. வெட்டு மேசை என்ற சொல்லைக் கேட்டதும், காய்ந்த மேசையும் காய்ந்த கைகளும்தான் அவளுக்குத் தோன்றின.

டீச்சர் அளவுச் சீட்டை நீட்டினாள். "துணி மட்டுமட்டா இருக்கு. முதுகுத் துண்டை மட்டும் மடிச்சு வெட்டுங்கோ. மற்றதெல்லாம் மடிக்காமல், ஒவ்வொண்டா வெட்டினால்தான் காணும்." சீட்டின் மேலே பெயர் எழுதியிருந்தது. தியாகராஜா. "அப்பா முந்திச் செமோர்ப் பக்கம் தோட்டத்தில கிராணியா இருந்தவர்," என்றாள் டீச்சர், சாதாரணமாக.

கருப்பம்மாள் சீட்டை மடித்தாள். துணியோடு பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் பால் வெட்டியதும் அதே தோட்டத்தில்தான். தியாகராஜாவின் பிள்ளைகள் ஈப்போவில் தங்கிப் படித்தார்கள். தோட்டத்தில் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் அவரை எல்லோருக்கும் தெரியும். வெளிக்காட்டுக் கிராணி, வெட்டைச் சரிபார்த்துக் கணக்கு எழுதுகிறவர். கையில் நோட்டுப் புத்தகத்தோடு மர வரிசைகளில் நிரை நிரையாகப் பார்த்துக்கொண்டு வருவார். உளி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கியிருந்தால் அதற்குப் பெயர் காயம். காயம் பட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாள் விடியுமுன் பிரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, பெயரைப் படிப்பார்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, அவள் கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் படித்தார். "கருப்பம்மாள். மூணு காயம். அரைப் பேர்."

கூலி பாதியானதை அவள் மறந்துவிட்டாள். மற்றது மறக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று அவள் போட்டதில்லை. அந்த நிரை அவள் கைக்கு வருமுன்பே யாரோ போட்ட பழைய காயம். வாய் வரை வந்தது. ஆனால் வரிசையில் நின்றபடி யோசித்தபோது, அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது, நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று பட்டது. நோட்டில் எழுதியிருந்தது. அவளிடம் இருந்தது வெறும் கண்கள். அந்த மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாமல் அவள் வருடக்கணக்கில் வெட்டினாள். காயம் மூடி, முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து, இது நான் போட்டதுதான் போலிருக்கிறது என்று நினைக்கப் பழகினாள்.

இப்போது தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். மரமும் இல்லை. புருஷன் மாயாண்டி நகராட்சியில் கால்வாய் சுத்தம் செய்யப் போகிறான்.

வியாழக்கிழமை காலை, மாயாண்டி வேலைக்குப் போனதும், கருப்பம்மாள் சிமெண்டுத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, பாய் விரித்து, அதன் மேல் துணியை விரித்தாள். நல்ல பக்கம் எது என்று பார்த்தாள். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கடையில் மடித்து வந்தபோது வெளியே இருந்த பக்கம்தான் நல்லதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, சோக்கால் அங்கங்கே புள்ளடி போட்டாள். முதுகுத் துண்டை மடித்து வெட்டினாள். சுத்தமாக வந்தது.

பிறகு முன்பக்கம். தாளில் வரைந்திருந்த அம்புக்குறியைத் துணியின் கரைக்கு நேராக வைத்தாள். கரையிலிருந்து மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை விரலால் அளந்தாள். முதலில் நான்கு மூலை, பிறகு கழுத்து வளைவு, கை வளைவு என்று ஊசி குத்தினாள். கத்தரிக்கோலின் நுனியை மூடாமல், நீள நீளமாக வெட்டினாள். துணியைத் திருப்பாமல் தானே பாயைச் சுற்றி நகர்ந்தாள். ஒரு துண்டு வந்ததும் ஊசிகளைக் கழற்றி, தாளை அப்படியே தள்ளி வைத்து, அதே மாதிரிக் குத்தி, அதே மாதிரி வெட்டினாள். பால்காட்டில் எந்த மரமாக இருந்தாலும் வெட்டு இடது மேலிருந்து வலது கீழேதான் இறங்கும். ஆயிரம் மரத்துக்கும் ஒரே சாய்வு. ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி வெட்டிய பழக்கம் அந்தக் கைக்கு இல்லை. வகுப்பில் தாளை மடித்து வெட்டியபோது ஜோடி தானாக விழுந்தது. எப்படி விழுந்தது என்று அவள் யோசித்ததில்லை.

இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு கை வளைவும் ஒரே பக்கம் பார்த்தன.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. இடம் மாற்றி வைத்தாள். இரண்டும் வலப்பக்கம். வலதுகால் செருப்பு இரண்டு வாங்கி வந்தவள் போல அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றைப் புரட்டிப் போட்டாள். உடனே ஜோடி சேர்ந்தது. அடுத்த நொடி சோக்குப் புள்ளடி தரைப் பக்கம் போய்விட்டது நினைவுக்கு வந்தது. நல்ல பக்கம் உள்ளே, புறப்பக்கம் வெளியே. பக்கம் மாறினால் சட்டை போச்சு. புரட்டியதை மறுபடி புரட்டினாள். அவள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லைதான். அது துணியின் குணம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் கண்ணின் குறை என்றே தோன்றியது. படித்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மிச்சத் துணியில் கைகளுக்கும் கழுத்துப் பட்டைக்கும் பைக்கும்தான் இடம் இருந்தது. இன்னொரு முன்பக்கத்துக்கு இல்லை.

"என்னா லா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று சாயந்திரம் மாயாண்டி கேட்டான்.

"ஒண்ணுமில்ல."

"கத்திரி கையில வெட்டிக்கிச்சா?"

"கையில வெட்டியிருந்தா பரவால்ல."

அவன் அவளைப் பார்த்துவிட்டு, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டான். அவளுக்குச் சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. சொன்னால் அவன் திட்டமாட்டான். 'விடு, தட்டு கழுவுற வேலை எங்கயும் ஓடிடல' என்பான். அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை வெட்டுத் துணுக்கு ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு டவுனுக்குப் போய்த் துணிக்கடைகளில் ஏறி இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த மலாய்க்கு வெள்ளை ஒரே வெள்ளைதான். ஆனால் கடைகளில் நீலம் ஓடிய வெள்ளை இருந்தது. பால் வெள்ளை இருந்தது. பளபளக்கும் வெள்ளை இருந்தது. இந்த வெள்ளை மட்டும் இல்லை. "தாடா லா, சுடா ஹாபிஸ்," என்று ஒரு கடைக்காரர் துணுக்கைத் திருப்பிக் கொடுத்தார். தீர்ந்துவிட்டது. அவள் பஸ்ஸில் உட்கார்ந்து, டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கினாள். டீச்சர் மட்டும் என்றால் சொல்லிவிடலாம். கோபித்துக்கொண்டாலும் அக்கா என்று கூப்பிட்டுத்தான் கோபிப்பாள். புந்தோங் வருவதற்குள் ஓரளவு தைரியம் வந்திருந்தது.

சனிக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தபோது, ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. கைத்தடியைத் தொடைகளின் மேல் குறுக்கே வைத்திருந்தார். அன்று நோட்டுப் புத்தகம் இருந்த உயரத்தில் அந்தத் தடி. "அளவு பாத்துப் போடலாமெண்டு அப்பாவையே கூட்டிக்கொண்டு வந்திட்டன்," என்றாள் கௌரி டீச்சர். "வெட்டியாச்சோ அக்கா?"

"இல்ல டீச்சர். இன்னும் வெட்டல."

எப்படி வந்தது என்று தெரியாமல் அந்தப் பொய் வந்தது. வந்ததும் ஒரு கணம் இதமாகக்கூட இருந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு! எல்லாருக்கும் முன்னால வெட்டிக் காட்டுங்கோ. துணியைத் தாங்கோ." டீச்சர் மேசையைத் துடைத்து, கை நீட்டினாள்.

பெண்கள் சுற்றிக் கூடினார்கள். முத்தம்மா ஊசிப் பெட்டியைத் திறந்து தயாராக வைத்தாள். யாரும் கருப்பம்மாளின் பெயரைப் படிக்கவில்லை. எல்லோரும் நல்ல முகத்தோடுதான் நின்றார்கள். ஆனாலும் அவளுக்கு அது பிரட்டு வரிசைதான். காலுக்கடியில் ஈரப் புல் இருப்பது போல் குளிர்ந்தது. கிராணி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் படிக்கட்டும் என்று காத்திருந்த நாள் போதும் என்று அவளுக்கு எங்கிருந்தோ தோன்றியது.

"டீச்சர், நான் பொய் சொன்னேன். வெட்டிட்டேன்." பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "ரெண்டு முன்பக்கமும் வலப்பக்கமாவே வெட்டிட்டேன். காயம் போட்டுட்டேன் டீச்சர். துணிக்காகக் கடையெல்லாம் தேடுனேன், கிடைக்கல."

கௌரி டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தாள். பார்த்தாள். மேலே இருந்த ஒன்றை இரு விரலால் தூக்கிப் புரட்டிப் போட்டாள். வலதும் இடதும் ஜோடியாகக் கிடந்தன.

"இவ்வளவுதானே அக்கா?"

"நல்ல பக்கம் உள்ள போயிடுமே டீச்சர்."

"எந்த நல்ல பக்கம்?" டீச்சர் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தப் பக்கம் காட்டினாள், அந்தப் பக்கம் காட்டினாள். "இது வெறும் வெள்ளை. ரெண்டு பக்கமும் ஒரே நெசவு. இதுக்கு நல்ல பக்கமும் இல்லை, புறப்பக்கமும் இல்லை. நான்தான் பூத்துணியை மட்டும் காட்டிப்போட்டு இதைச் சொல்ல மறந்திட்டன். தாளைப் புரட்டச் சொல்லவும் மறந்திட்டன். என்ட பிழை." அவள் வெட்டு ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போனாள். "வெட்டைப் பாருங்கோ, ஒரு பிசிர் இல்லை."

கருப்பம்மாள் கையை நீட்டி, துணியின் ஒரு பக்கத்தைத் தடவினாள். மறுபக்கத்தைத் தடவினாள். வியாழக்கிழமை ஜன்னலோரம் பார்த்ததும் இதையேதான். அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதோடும் சிரித்தாள்.

"அடிப் பாவி, இதுக்கா முந்தாநேத்து சந்தையில என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போனே?" என்றாள் முத்தம்மா. "நான் என்னமோ கருவாடு கேட்டதுக்குக் கோவம்னுல்ல நெனச்சேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. அவர் தடியை ஊன்றிச் சற்று முன்னால் குனிந்தார்.

"காயம் எண்டீர். எந்தத் தோட்டம் நீர்?"

ஒருகாலத்தில் ஏய் என்று கூப்பிட்ட குரல் அது. இப்போது நடுங்கியது. அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "நீங்க கிராணியா இருந்தப்பதான் ஐயா. மேட்டு நிரை. கருப்பம்மாள்."

அவர் யோசித்தார். "முகம் ஞாபகம் வருகுதில்லை. கன பேர்."

அது தனக்கு வலிக்கும் என்று நினைத்தாள், வலிக்கவில்லை. பதினைந்து வருடம் அவள் மட்டும் சுமந்த நோட்டுப் புத்தகம் அது. அவரிடம் அது இல்லவே இல்லை.

"ஒருநாள் எனக்கு மூணு காயம்னு படிச்சீங்க, ஐயா. அதுல ஒண்ணு என்னுது இல்ல. பழசு."

சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை; குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்வது போலத்தான் வந்தது. கௌரி டீச்சர் அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கும்," என்றார் அவர். "அந்தக் காட்டு இருட்டில பழசு எது புதுசு எது எண்டு எனக்கு வடிவாத் தெரியிறேல்லை. கண் பழுது எண்டு ஆசுப்பத்திரியில சொன்னது பிறகுதான். சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா ஐயா?"

அவர் தடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று.

அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருப்பாள்.

"சரி, கை வெட்டணும்," என்றாள். மிச்சத் துணியை மேசையில் விரித்து உள்ளங்கையால் நீவினாள். பழக்கத்தில் சோக்கை எடுத்தவள், துணியைப் பார்த்துவிட்டு அதைப் பெட்டியிலேயே போட்டாள். கைக்கான தாளை வைத்து, அம்பைக் கரைக்கு நேராக்கி, முதல் ஊசியை எடுத்தாள். முத்தம்மா குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்டி மேல?"

"எதுவா இருந்தா என்னா."

இரண்டு ஊசி குத்தியானதும் நிமிர்ந்தாள். தாளின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நாற்காலி இருந்தது.

"ஐயா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளி உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."

பெரியவர் அவளைப் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். வெள்ளைத் துணி மேல் வெயில் விழுந்தது. அவள் மூன்றாவது ஊசியைக் குத்தினாள்.